அமைதி, மனித உரிமை சார்ந்த மாணவர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கேட்டவர் இளங்கலை இறுதியாண்டு மாணவி, சமூகவியல் படிக்கிறார். பேராசிரியர் அனுப்பிய ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நான்கு விஷயம் கேட்டிருக்கிறார். சேர்ந்தால் உண்மையில் என்ன வேலை? சட்டம் படிக்காதவர் விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? "இதெல்லாம் வம்பு" என்று சொல்லும் வீட்டாரிடம் என்ன பதில் சொல்வது?

மாணவனாக இருந்த காலத்தில் இப்படி ஒரு ஃபெலோஷிப்பில் நானும் இருந்தேன். பிறகு சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்து ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விண்ணப்பியுங்கள். ஆனால் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். நீங்கள் யாரிடம், என்ன கேட்கப் போகிறீர்கள்? இதற்கு ஒரு வரியில் பதில் வந்துவிட்டால் மீதி விண்ணப்பம் தானாக எழுதிக்கொள்ளும். வராவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் வெறும் நல்லெண்ணமாகத்தான் நிற்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்காலர்ஷிப் என்பது படிப்பதற்குத் தரும் பணம். இன்டர்ன்ஷிப் என்றால் இன்னொருவருடைய வேலையை அவர்கள் சொன்னபடி செய்து பழகுவது. ஃபெலோஷிப்பில் வேலை உங்களுடையது. அதைச் செய்வதற்கான நேரம், கொஞ்சம் பணம், வழிகாட்ட ஓர் ஆள் ஆகியவற்றை அவர்கள் தருகிறார்கள். காகிதத்தில் இப்படி. நடைமுறையில் பல ஃபெலோஷிப்புகள் பெயர் மாற்றிய இன்டர்ன்ஷிப்தான். அது தப்பில்லை, ஆனால் தெரிந்து போக வேண்டும். அறிவிப்பில் "ஃபெலோ தன் திட்டத்தை முன்மொழிய வேண்டும்" என்று இருக்கிறதா, "நிறுவனத்தின் பணிகளுக்கு உதவ வேண்டும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, தங்களுக்கானதல்லாத வாசலில் நிற்பது. ரோட்டரி அமைதி ஃபெலோஷிப் இந்தத் துறையில் பெரிய பெயர். 2002இல் முதல் அணி படிக்கத் தொடங்கியது. முழுச் செலவையும் ஏற்கிறார்கள். ஆனால் அதன் முதுகலைப் பிரிவுக்கே பட்டமும் அதற்கு மேல் சில ஆண்டுப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். இறுதியாண்டு மாணவர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம், இப்போது விண்ணப்பிக்க முடியாது. 'பிராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' நேர் எதிர்: 2007இல் கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் தமது நூறாவது பிறந்தநாளையொட்டித் தொடங்கியது, கோடை விடுமுறையில் ஒரு திட்டத்தை நடத்த 10,000 டாலர் தருவது. ஆனால் அதில் இணைந்திருக்கும் கல்லூரிகளின் மாணவர்களுக்குத்தான் கிடைக்கும். அமெரிக்கத் தலைநகரில் 1987 முதல் நடக்கும் ஸ்கோவில் அமைதி ஃபெலோஷிப், படிப்பை முடித்தவர்களைச் சில மாதங்கள் ஒரு கொள்கை நிறுவனத்தில் உட்கார வைத்து ஆயுதக் கட்டுப்பாடு போன்றவற்றில் பழக்குகிறது. ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் பழங்குடியினருக்கு ஒன்றும், தேசிய, இன, மத, மொழிச் சிறுபான்மையினருக்கு ஒன்றுமாக ஜெனீவாவில் ஃபெலோஷிப்புகள் நடத்துகிறது. இவற்றில் பட்டத்தைவிட நீங்கள் எந்தச் சமூகத்துக்காக வேலை செய்கிறீர்கள் என்பதற்கு மதிப்பு அதிகம். பல்கலைக்கழகங்களின் மனித உரிமை மையங்கள் தம் மாணவர்களுக்கென்றே தரும் சிறு ஃபெலோஷிப்புகள் இன்னொரு வகை. விளம்பரம் இருக்காது, போட்டி குறைவு. முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

சரி, வேலை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஃபெலோஷிப்புகளின் மையமான வேலையை ஆங்கிலத்தில் அட்வகசி என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்: வக்காலத்து, பரிந்து பேசுதல், பரப்புரை, வாதாடல். எனக்கு எதுவும் முழுதாகப் பொருந்தியதில்லை. பரப்புரை என்றால் ஊருக்கெல்லாம் சொல்வது என்றாகிவிடுகிறது. அட்வகசியில் ஊருக்கெல்லாம் சொல்வது ஒரு வழி மட்டும்தான். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை, ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்க வைப்பதுதான் அந்த வேலை. அந்த ஒருவர் அமைச்சராக இருக்கலாம், பல்கலைக்கழகப் பதிவாளராக இருக்கலாம், சிறைக் கண்காணிப்பாளராக இருக்கலாம். ஆயிரம் பேர் பதாகை பிடித்தும் அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் அது விழிப்புணர்வு. அதற்கும் இடம் உண்டு, ஆனால் வேறு வேலை.

இதற்கு, பசிபிக் தீவு நாடான வனுவாட்டில் படித்த மாணவர்களின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், ஒரு வகுப்பில் கேட்கப்பட்ட கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: காலநிலை மாற்றத்தால் தீவுகள் மூழ்குகின்றன, சட்டத்தில் இதற்கு என்ன வழி? அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தை, அதாவது ஒரு சட்டக் கேள்விக்கு அது தரும் விளக்கத்தை, பெறுவது. மாணவர் சங்கம் அங்கே போய் மனுக் கொடுக்க முடியாது. ஐ.நா. சாசனத்தின் 96ஆவது பிரிவுப்படி பொதுச் சபையோ பாதுகாப்புச் சபையோ கேட்கலாம். அவை அனுமதி தந்த ஐ.நா. அமைப்புகள் தங்கள் துறைக்குள் கேட்கலாம். ஆக, பொதுச் சபையில் ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானத்தைக் கொண்டுவர ஒரு நாடு வேண்டும். அந்த நாட்டை இணங்க வைக்க அரசுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். மாணவர்கள் கடைசிப் படியிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்து, தங்கள் கைக்கு எட்டும் படி எது என்று பார்த்தார்கள். அது கடிதம். பசிபிக் தீவுகளின் தலைவர்களுக்கு எழுதினார்கள். வனுவாட்டு அரசு 2021இல் அதைக் கையில் எடுத்தது.

2023 மார்ச் 29 அன்று பொதுச் சபை அந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்து ஏற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை இணைந்து முன்மொழிந்திருந்தன. 2024 டிசம்பரில் வாதங்கள் நடந்தன. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு, தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்க அடிப்படையானது. ஆலோசனைக் கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் உலகெங்கும் வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டி வாதிட அது போதும். வகுப்பறையிலிருந்து நீதிமன்றத் தீர்ப்பு மேடை வரை ஆறு ஆண்டுகள். உங்கள் ஃபெலோஷிப் அநேகமாக மூன்று மாதமோ பத்து மாதமோ இருக்கும். அந்த ஆறு ஆண்டுப் படிக்கட்டில் ஒரு படியைக் கட்டுவதுதான் அந்தக் காலத்தில் ஆகக்கூடியது. முழுப் படிக்கட்டையும் கட்டுவேன் என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்களைக் குழு நம்புவதில்லை.

சட்டம் படிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். வனுவாட்டு வளாகத்துக்காரர்கள் சட்ட மாணவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1948 டிசம்பர் 10இல் ஏற்கப்பட்ட மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தின் முதல் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வரைவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதை வரைந்த ஐ.நா. மனித உரிமைகள் ஆணையத்தில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா அதை மறுத்து 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தார். அவர் தத்துவமும் இதழியலும் படித்தவர். பெண்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த எந்தச் சொல் இடம் கொடுக்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஒரு சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்டார். நான் மேலே சொன்ன 'யாரிடம், என்ன' என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடையாது.

சமூகவியல் படிப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பேட்டி எடுக்கவும், கேட்டதை வரிசைப்படுத்தவும் பழகியிருப்பீர்கள். இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் அதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மேடைப் பேச்சு தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு எக்செல் தாள் தெரியும். தேதி, இடம், யார் பார்த்தது, யார் சொன்னது, எதை வைத்து உறுதி செய்தோம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பும் வேலை. சலிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தச் சலிப்பான வேலையை மாணவர்கள் செய்துதான் ஒரு துறையே பிறந்தது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்டார்கள். 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ அங்கே வந்தபோது, புதைகுழிகளை முறையாகத் தோண்ட அவருடன் சேர்ந்தவர்கள் மானுடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். எலும்புகளைச் சாட்சியாக்குவது எப்படி என்று அவரிடம் கற்றார்கள். அந்தக் குழுதான் அர்ஜென்டினா தடயவியல் மானுடவியல் குழுவாக வளர்ந்து, பிறகு பல நாடுகளுக்குப் போய் அதே வேலையைச் செய்தது. இன்றைய வடிவம் வேறு: 2016 முதல் அம்னெஸ்டி என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பு சில பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்து, சமூக ஊடகத்தில் வரும் காணொளிகள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்று சரிபார்க்கப் பழக்குகிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னால் தெரியும் கோபுரம் செயற்கைக்கோள் படத்தில் எங்கே இருக்கிறது என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். இப்படித் திரட்டுவதை நீதிமன்றம் ஏற்கும் தரத்தில் செய்வதற்கென்று 2020இல் பெர்க்லி நெறிமுறை வெளியானது. அந்த ஆவணத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போனால் நேர்காணலில் உங்கள் பேச்சின் தரமே மாறிவிடும்.

இன்னொரு வழக்கமான வேலை அறிக்கை எழுதுவது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒவ்வொரு நாட்டையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒரு முறை 'உலகளாவிய காலமுறை மீளாய்வு' என்ற பெயரில் பரிசீலிக்கிறது. அப்போது அரசு மட்டும் அறிக்கை தருவதில்லை, தன்னார்வ அமைப்புகளும் தரலாம். தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் எழுதிப் பாருங்கள், உங்கள் கோபம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, ஆதாரம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று புரிந்துவிடும். அறிக்கையைக் கடைசி நாள் தாண்டிக் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். அந்தக் கடைசி நாள் மீளாய்வு நடப்பதற்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். நீங்கள் வேலை செய்ய விரும்பும் நாட்டின் முறை எப்போது வருகிறது என்று பார்த்து, ஃபெலோஷிப் காலத்தை அதோடு பொருத்தி முன்மொழியுங்கள். இருநூறு விண்ணப்பத்தில் ஒருவர்தான் இதைச் செய்வார்.

உங்கள் அறிவிப்பில் மனித உரிமைக்கு முன்னால் 'அமைதி' என்றும் இருக்கிறது. பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே சொல்லாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றல்ல. நார்வேயின் அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டை விளக்கினார்: துப்பாக்கிச் சத்தம் நின்றால் அது எதிர்மறை அமைதி, மனிதரை மெல்லச் சாகடிக்கும் அமைப்புகளும் நீங்கினால்தான் நேர்மறை அமைதி. இந்த இரண்டாவதில்தான் மனித உரிமை வந்து சேர்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் இரண்டும் மோதும். அமைதிப் பேச்சுக்காரர் கொலையாளியையும் மேசைக்கு அழைக்க வேண்டியிருக்கும். மனித உரிமைக்காரர் அவரைக் கூண்டில் நிறுத்தச் சொல்வார். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் நடுவே ஒரு வழி வைத்தது: அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. மன்னிப்புக் கிடைக்காதவர்கள்மீது பிறகு வழக்குகள் சரியாக நடக்கவில்லை என்ற குறை இன்றும் அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறது. நேர்காணலில் "அமைதியா நீதியா, எது முதலில்?" என்று கேட்டால் சரியான விடை ஒன்றும் கிடையாது. இந்த மோதல் உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

இளைஞர்களுக்கு இதில் என்ன இடம் என்று யாராவது கேட்டால், பாதுகாப்புச் சபையின் 2250ஆம் தீர்மானத்தைச் சொல்லலாம். 2015 டிசம்பரில் வந்தது, 18 முதல் 29 வயதுக்காரர்களை அமைதி முயற்சிகளில் பங்குதாரர்களாகச் சேர்க்கச் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிதி தரும் அமைப்புகள் பல உண்டு. ஆனால் தீர்மானத்தின் எண்ணை மட்டும் விண்ணப்பத்தில் தூவாதீர்கள். தூவியவர்கள் நிறைய.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. நான் ஃபெலோவாக இருந்தபோது, மகனைக் காவலில் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் பேசினேன். இரண்டு மணி நேரம் பேசினார், அழுதார். கிளம்பும்போது, "உங்கள் கதை வெளியே போனால் ஏதாவது நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதுதான். அறிக்கை வெளியானது, என் ஃபெலோஷிப்பும் முடிந்தது. எட்டு மாதம் கழித்து என் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்து, "தம்பி, என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முன்னால் நாலு பேர் அவரிடம் அதே கேள்விகளைக் கேட்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த நிறுவனத்தில் பேட்டி எடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், விடைபெறக் கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கேட்டு வாங்காதது என் தவறும்தான்.

அதனால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒருவரிடம் பேசுவதற்கு முன், அவர் சொன்னது ஏற்கெனவே எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மறுபடி அழ வைக்காதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள், என்ன நடக்க வாய்ப்பில்லை என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் என்பது கையெழுத்து அல்ல. நடுவில் "வேண்டாம், அழித்துவிடு" என்று அவர் சொன்னால் அழிக்க முடிகிற ஏற்பாடு. பெயருக்குப் பதில் குறியெண் போட்டு, எந்தக் குறியெண் யாருடையது என்ற பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். செல்ஃபோனில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஃபெலோஷிப் முடிந்த பிறகு அந்த மக்கள் யாரை அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறவரைக் குழு தனியாக எடுத்து வைக்கும்.

இனி விண்ணப்பம். "சிறு வயதிலிருந்தே அநீதியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது" என்று தொடங்கும் கட்டுரைகளைக் கட்டுக் கட்டாகப் படித்திருக்கிறேன். பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. அதற்குப் பதில் உங்கள் கண்ணெதிரே இருக்கும் ஒரு சிறிய விஷயத்தை எடுங்கள். உதாரணமாக, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று பல்கலைக்கழக விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகக் குரல் கொடுப்பேன்" என்றால் அது தலைப்பு மட்டும்தான். "கடந்த இரண்டு ஆண்டில் கூடுதல் நேரம் கேட்டவர் எத்தனை பேர், கிடைத்தவர் எத்தனை பேர், மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்று திரட்டுவேன். மருத்துவச் சான்றிதழை ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கச் சொல்லும் நடைமுறையை நீக்கும்படி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம், அடுத்த கல்வியாண்டின் சுற்றறிக்கை வருவதற்கு முன் கேட்பேன்" என்றால், அது திட்டம். யாரிடம், என்ன, எப்போது என்று மூன்றும் வந்துவிட்டன. 2006இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. அதை ஒரு வரியில் சேர்த்தால் உங்கள் சின்ன விஷயம் எந்தப் பெரிய சட்டத்தில் தொங்குகிறது என்பதும் தெரியும்.

அப்புறம், அந்த விஷயத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் யார் என்று எழுதுங்கள். "இதுவரை யாரும் செய்யாதது" என்று பெருமையாக எழுதுவார்கள். படிப்பவருக்கு அது 'இவர் தேடவில்லை' என்றுதான் கேட்கும். மாற்றுத்திறனாளி மாணவர் அமைப்பு ஒன்று இருக்கிறதென்றால், முதலில் அவர்களிடம் போய், நான் இப்படிச் செய்தால் உங்களுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேறு விஷயம் எடுங்கள். "நாங்கள் ஏற்கெனவே புள்ளிவிவரம் வைத்திருக்கிறோம், அதை ஒழுங்குபடுத்தத்தான் ஆள் இல்லை" என்று சொன்னால் அதுதான் உங்கள் திட்டம். எனக்குத் தெரிந்து நன்றாக முடிந்த ஃபெலோஷிப்புகளில் பாதி இப்படிக் கேட்டுத் திருத்திக்கொண்டவை.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரைத் தேடி ஓடாதீர்கள், உங்கள் வேலையைப் பார்த்தவரைத் தேடுங்கள். நீங்கள் வார இறுதியில் உதவிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளர், "இவர் தாமதமாக வந்த ஒரு நாள்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார்" என்று எழுதினால், பெரிய பதவிக்காரரின் "சிறந்த மாணவி" என்ற ஒரு வரியைவிட எடை அதிகம். மூன்று வாரம் முன்பே கேளுங்கள், உங்கள் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கூடவே கொடுங்கள்.

பட்ஜெட்டில் கைக்காசு போடுவேன் என்று காட்டித் தியாகம் செய்யாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கூலி, பேட்டிக்கு வருகிறவர்களின் பயணச் செலவு, பேட்டிப் பதிவை எழுத்தாக்கும் செலவு, நீங்கள் மனச்சோர்வு அடைந்தால் ஆலோசகரைப் பார்க்கும் கட்டணம் எல்லாவற்றையும் போடுங்கள். கடைசியாகச் சொன்னது சொகுசு அல்ல. நாள் முழுக்கச் சித்திரவதைச் சாட்சியங்களைப் படிப்பவருக்குத் தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். இதற்கு ஏற்பாடு இல்லாத அமைப்பு என்றால் யோசியுங்கள்.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்டது: "நீங்கள் கேட்டதை அந்த அதிகாரி மறுத்துவிட்டால் அடுத்த நாள் காலை என்ன செய்வீர்கள்?" பலர் "விடாமல் போராடுவேன்" என்பார்கள். ஒரு மாணவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பேன்" என்றார். அவரை எடுத்துக்கொண்டோம். எழுத்தில் வந்த மறுப்பு மேல்முறையீட்டுக்கு ஆவணம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சேர்வதற்கு முன் நீங்களும் அவர்களைக் கேட்க வேண்டும். உதவித்தொகை எந்தத் தேதியில் வரும், முன்பணமா, செலவழித்த பிறகா? மருத்துவக் காப்பீடு உண்டா? நான் திரட்டும் தகவல் யாருக்குச் சொந்தம், என் அனுமதியில்லாமல் நிதி கொடுத்தவருக்குப் போகுமா? மிரட்டல் வந்தால் யாரை அழைப்பது? முந்தைய ஃபெலோ இருவரிடம் பேசலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அதுவே பதில். இன்னொன்று: விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், "தேர்வாகிவிட்டீர்கள், விடுதிக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று பணம் கேட்கும் 'இளைஞர் அமைதித் தூதர்' மாநாடுகள் பெருகிவிட்டன. அவை உங்களிடம் சான்றிதழ் விற்கின்றன. உண்மையான ஃபெலோஷிப்பில் பணம் உங்கள் பக்கம் வரும்.

வேலைவாய்ப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மனித உரிமை அமைப்புகளில் நிரந்தரப் பணியிடம் குறைவு, பெரும்பாலும் நிதி உள்ளவரை ஒப்பந்தம். என்னோடு ஃபெலோவாக இருந்தவர்களில் இருவர்தான் இந்தத் துறையிலேயே நின்றார்கள். ஒருவர் இதழியலுக்குப் போனார், ஒருவர் தரவுப் பகுப்பாய்வுக்கு, ஒருவர் பள்ளி ஆசிரியர். யாரும் அந்த ஆண்டை வீண் என்று சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் அதை நம்பி மற்ற வாய்ப்புகளை மூடிவிடச் சொல்ல மாட்டேன்.

வீட்டாரின் பயம் முழுக்க ஆதாரமற்றதல்ல. சொந்த நாட்டில் அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்களுக்குத் தொல்லை வருவது உண்டு. அதனால்தான் மனித உரிமைக் காவலர்களைப் பாதுகாக்க 1998இல் ஐ.நா. தனியாக ஒரு பிரகடனமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே "ஒன்றும் ஆகாது" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த அமைப்பு, பொறுப்பாளர் பெயர், அவருடைய எண், எந்தத் தேதியில் எங்கே இருப்பீர்கள், எந்த நாளில் அழைப்பீர்கள், அழைப்பு வராவிட்டால் அவர்கள் முதலில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். முடிந்தால் பொறுப்பாளரை ஒரு முறை வீட்டாரோடு ஃபோனில் பேச வையுங்கள். நல்ல அமைப்பு அதற்குச் சலித்துக்கொள்ளாது. களத்துக்குப் போகும் யாருக்கும் அப்படி ஒரு தாள் எப்படியும் அவர்கள் தயாரித்துத்தான் ஆக வேண்டும்.